அக்காவின் அனுமதி

வழக்காடும் மனிதர்கள் மேல் எனக்கு ஒரு காலத்தில் இரக்கம் இருந்தது. நீதிமன்றங்களை ஆராயும் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களில் அது என்னை விட்டுப் போய்விட்டது. போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இரக்கத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்திருந்தால் நான் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவும் மாட்டேன், நித்திரை கொண்டிருக்கவும் மாட்டேன்.

கொழும்பில் வளர்ந்த ஒரு பேராசிரியை எங்களை வேலைக்கு எடுத்திருந்தார். யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகள் ஏன் வருடக்கணக்காக இழுபடுகின்றன என்பதைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லாமல் ஆட்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். நீதிமன்றத்தின் பின் வரிசை வாங்கில் உட்கார்ந்து நடப்பதைக் குறித்துக்கொள்வது என் வேலை. பிறகு வழக்காளி வீட்டுக்கும் எதிராளி வீட்டுக்கும் தனித்தனியே போய் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் கேட்டதை மற்ற வீட்டில் மூச்சு விடக் கூடாது. யாருக்கும் புத்தி சொல்லவும் கூடாது. எங்கள் ஊரில் பிறந்த ஒருத்திக்கு, புத்தி சொல்லாமல் இருப்பதுதான் இதில் மிகவும் கஷ்டமான பகுதி.

முகத்தில் அடித்தாற்போலப் படலையைச் சாத்துவார்கள் என்று பயந்துகொண்டுதான் முதல் வீட்டுக்குப் போனேன். நடந்தது வேறு. தேத்தண்ணீர் வந்தது, பலகாரம் வந்தது, பின்னால் ஒரு பை நிறையக் காணி உறுதிப் பத்திரங்களும் வரைபடங்களும் வந்தன. கதை தொடங்கினால் முடியாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னோடு அவ்வளவு நேரம் கதைத்ததில்லை. வழக்குத் தாமதத்தால் சனங்கள் வதைபடுகிறார்கள் என்று பேராசிரியை தன் திட்டத்தில் எழுதியிருந்தார். வதைபடத்தான் செய்தார்கள். ஆனால் வழக்கு முடிந்துவிட்டால் அடுத்த நாள் எழும்பி என்ன செய்வது என்பதும் அவர்களில் கனபேருக்குத் தெரியாது.

அப்படி நான் பின்தொடர்ந்த வழக்குகளில் ஒன்று இது. வழக்காளி தங்கை, எதிராளி தமக்கை. இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். எங்கள் பக்கத்தில் காணியும் வீடும் பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். ஆகையால் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பது பெரும்பாலும் ஒரே வயிற்றில் பிறந்த பெண்கள். அண்ணன் தம்பி கொளுவினால் ஒரு நாள் கைகலப்போடு முடிந்தாலும் முடியும். அக்கா தங்கை கொளுவினால் அது நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.

அவர்களுடைய தகப்பன் தன் வளவை இரண்டாகப் பிரித்தார். றோட்டோடு இருந்த முன் துண்டு மூத்தவளுக்கு, பின் துண்டு இளையவளுக்கு. பின் துண்டுக்கு அப்பால் தரவை. அரசாங்கத்துக்குச் சொந்தமான வெறும் வெளி அது. கோடையில் மாடு மேயும், மாரியில் தண்ணீர் நிற்கும். அதற்கும் அப்பால் தூரத்தில் இன்னொரு றோட்டு. அந்த வெளியை ஒரு வழி என்று யாரும் நினைத்ததில்லை. போய்வருவது எல்லாம் முன் துண்டின் ஓரத்தால்தான்.

இப்படிப் பிரிக்கும்போது, பின்னால் இருப்பவருக்கு முன் காணியின் ஓரத்தால் போய்வர உரிமை உண்டு என்று உறுதியில் ஒரு வரி எழுதுவார்கள். உறுதி எழுதிய நொத்தாரிசும் அதைக் கேட்டிருக்கிறார். தகப்பன் சிரித்தாராம். “அக்கா தங்கச்சிக்குள்ளை என்ன வழியும் வாய்க்காலும்? அப்பிடி எழுதினால் பிள்ளையளுக்கு மனம் கோணும்” என்று சொல்லி அந்த வரியை எழுதாமல் விடச் செய்துவிட்டார். அன்பு மிகுந்த மனிதர். அவரை நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை. நான் பார்த்த வழக்குகளில் கனக்க இப்படி அன்பு மிகுந்த தகப்பன்மார் ஆரம்பித்து வைத்தவை.

நல்லாயிருந்த காலத்தில் அந்த வழி அகலமாக இருந்தது. மாட்டு வண்டில் போனது, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனது, இரண்டு வீட்டுப் பொங்கலும் ஒரே முற்றத்தில் நடந்தது. பிறகு ஒரு நாள் தமக்கை தகரமும் கட்டையும் இறக்கி வழியின் பெரும் பகுதியைத் தன் பக்கம் வளைத்து அடைத்துவிட்டார். மிஞ்சியது, ஒரு ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகக்கூடிய இடைவெளி. அதிலும் நடுவில் ஒரு முடக்குத் திருப்பம். தங்கை வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை வந்த நேரம் தகர வேலியும் அங்கே இருந்தது. ஆகவே அதுவும் இருந்தபடியே இருந்தது.

தங்கையின் சட்டத்தரணி இரண்டு காலில் நின்றார். ஒன்று, இத்தனை காலமாக ஒருவரையும் கேளாமல் உரிமையோடு பாவித்த வழி, ஆகவே பாவனையாலேயே உரிமை வந்துவிட்டது. மற்றது, றோட்டுக்கு வர வேறு வழி கிடையாது, ஆகவே இது இல்லாமல் முடியாத வழி. முதலாவதில் ஒரு பொறி இருக்கிறது. இன்னொருவரிடம் கேட்டு, அவர் விட்டு, அதனால் நடந்த வழிக்கு எத்தனை காலம் போனாலும் உரிமை வராது. கேளாமல் நடந்தவருக்குத்தான் வரும். “செத்தாலும் அவவிட்டை வழி கேளாதேங்கோ. தந்தாலும் வாங்காதேங்கோ” என்று அவர் தங்கைக்குச் சொல்லிவைத்திருந்தார். தங்கை அதை மந்திரம் போல என்னிடம் ஒப்புவித்தார்.

தமக்கை இளைப்பாறிய ஆசிரியை. பிரச்சினை எப்படித் தொடங்கியது என்ற என் கேள்விக்கு அவர் நேராகவே பதில் சொன்னார்.

“வழியாலை தொடங்கேல்லை, பிள்ளை. என்ரை மகளுக்கு ஒரு நல்ல இடத்திலை பேசி முற்றாகிற நேரம். மாப்பிள்ளை பகுதி அயலிலை விசாரிக்க வந்தவை. உவள் தங்கச்சியின்ரை மனுசன் சொல்லியிருக்கிறார், பிள்ளைக்குச் சின்ன வயசிலை வலிப்பு வந்ததெண்டு. அண்டைக்குப் போனவை போனவைதான்.”

சொல்லும்போது அவருடைய கண் உள் அறைப் பக்கம் போனது. மகள் அங்கே இருந்தாள். நாற்பது கடந்துவிட்ட பெண். அந்த ஒரு சொல் ஊர் முழுக்கப் போய், பிறகு வந்த ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் முன்னாலே போய் நின்றிருக்கிறது. என் கேள்வித்தாளில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்டேன். வலிப்பு வந்தது உண்மையா?

“ஒரே ஒருக்கா. கடும் காய்ச்சலுக்கு,” என்றார். எழும்பிப் போய் உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அந்த இடைவெளியால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு பின் வீட்டுக்குப் போய், பிரச்சினை எப்படித் தொடங்கியது என்ற அதே கேள்வியைக் கேட்டேன். குழம்பிய அந்தச் சம்பந்தத்தின் கதையைத் தங்கை தானாகவே எடுத்தார், வெட்கம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

“இவர் பொய் சொன்னவரோ? கேட்டவை, சொன்னவர். கலியாணம் முடிஞ்சாப் பிறகு அவள் விழுந்திருந்தால் ஆர் பொறுப்பு?”

‘இவர்’ பின்னால் கட்டிலில் கிடந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. வாயின் ஒரு மூலையால் நீர் வடிந்துகொண்டிருந்தது. மனைவி சொல்வது விளங்கியதோ என்னவோ, கண்ணை மட்டும் என்மேல் வைத்திருந்தார். ஒரு குமர்ப்பிள்ளையின் வாழ்க்கையை ஒரே வசனத்தில் முடித்த வாய் அது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அடுத்த முறை முன் வீட்டுக்குப் போனபோது தமக்கை இன்னும் ஒரு படி மேலே போனார். “வாய் போட்டுதாம் எண்டு கேள்விப்பட்டன். கடவுள் இருக்கிறார், பிள்ளை. சீனி காணுமோ?” என்று எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

கிளினிக்குக்குப் போகிற நாட்களில் தங்கையின் புருசனை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கி அந்த இடைவெளியால் கொண்டுபோவார்கள். முடக்கு வந்ததும் கதிரையைச் சரிக்க வேண்டும். சரிக்கும்போது அவர் தகரத்தைப் பிடித்துக்கொள்வார், கையில் கீறும். தமக்கையின் மகள் குசினி வாசலில் நின்று பார்ப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது.

“இவர் சாகமுந்தி ஒரு வாகனம் என்ரை வாசலுக்கு வரவேணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது,” என்பார் தங்கை.

தவணை நாட்களில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் நீதிமன்றத்துக்குப் போவார்கள், அந்த றோட்டில் வேறு பஸ் இல்லை. ஒருவர் முன் சீற்றில், ஒருவர் பின் சீற்றில். இருவரும் நல்ல சேலைதான் உடுத்தியிருப்பார்கள். ஒரு நாள் நில அளவையாளர் வரவில்லை. இன்னொரு நாள் சட்டத்தரணிக்கு வேறு நீதிமன்றத்தில் வழக்கு. பிறகு நீதிபதி மாற்றலாகிப் போனார், வந்தவர் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருந்தது. தவணை போடப்பட்டதும் இருவரும் அதே பஸ்ஸில் திரும்புவார்கள். பஸ்ஸால் இறங்கித் தமக்கை தன் படலையைத் திறந்து உள்ளே போக, தங்கை பக்கத்தில் இருக்கும் இடைவெளிக்குள் நுழைவார். இந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதும் நின்றுபோயிற்று.

வாகனம் வாசலுக்கு வர முதலே தங்கையின் புருசன் இறந்துவிட்டார். நல்ல மாரி. அடுத்த நாள் செத்தவீடு, சனிக்கிழமை, அவசரக் கட்டளை கேட்கவும் நீதிமன்றம் பூட்டு.

நானும் செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டுவிட்டு அடுத்த முறை கேள்வித்தாளோடு போய் நிற்க எங்கள் ஊரில் முடியாது. தங்கையின் இரண்டு ஆண் பிள்ளைகளும் வெளிநாட்டில். ஒருவருக்கும் வர வசதிப்படவில்லை. ஒரு வீடியோக்காரர் எல்லாவற்றையும் நேரலையில் அவர்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். கிரியை முடிந்து பெட்டியை மூடுகிற நேரம்தான் எல்லாருக்கும் அந்த இடைவெளி நினைவுக்கு வந்தது. தூக்குபவர்களோடு பெட்டி அதற்குள் போகாது. நிமிர்த்தினால்தான் போகும். பிரேதத்தை நிமிர்த்திக் கொண்டுபோக யாருக்கும் மனம் வராது.

எவ்வளவு பகை என்றாலும் பிரேதத்துக்கு வேலியைப் பிரித்துவிடுவார்கள், அது எங்கள் பக்கத்து வழக்கம். அடுத்த நாள் திரும்ப அடைத்துக்கொள்ளலாம். அதனால் ஒருவரும் பெரிதாக யோசிக்கவில்லை. விதானையார், அதாவது எங்கள் கிராம சேவையாளர், தமக்கை வீட்டுக்குப் போய்க் கேட்பதென்று வெளிக்கிட்டார். அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. தமக்கை தானாகவே வேலிக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சேலை, பக்கத்தில் அயலில் மதிப்பான இரண்டு பெரிய மனிதர்கள், பின்னால் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி மகள்.

“இந்த வழியிலை உங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை. எண்டாலும் பிரேதத்தை முன்னிட்டு, இண்டைக்கு மட்டும், நான் அனுமதி தாறன். விதானையார், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கோ.”

கூடி நின்ற சனம் பெருமூச்சு விட்டது. “அதுதானே, எண்டாலும் கூடப்பிறந்தது,” என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அந்த ஒரு சொல்தான் இடித்தது. வேலிக்கு மேலால் தங்கையிடம் யாராவது ‘அனுமதி’ என்று சொல்வார்களா? ‘கொண்டுபோங்கோவன்’ என்பார்கள். ஒன்றும் சொல்லாமல் தகரத்தைக் கழற்றுவார்கள். இது ஒரு சட்டத்தரணியின் மேசைக்கு முன்னால் இருந்து பாடமாக்கிய வசனம். பெட்டி அந்த வேலியைத் தாண்டினால், தமக்கை விட்டதால்தான் தங்கை போனார் என்பதற்கு ஊரே சாட்சி.

அது விளங்கிய இன்னொருவர் பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். அழுகை அப்படியே நின்றுவிட்டது. எழும்பி, தன் சட்டத்தரணிக்கு அழைப்பு எடுத்தார். அவர் ஏதோ கலியாண வீட்டில் நின்றார் போலும். நாதஸ்வரம் எங்களுக்கும் கேட்டது.

“அனுமதி எண்டு சொன்னவவோ? அப்ப அதாலை கொண்டுபோகாதேங்கோ, அம்மா. கொண்டுபோனால் கேஸ் போச்சு.”

அதற்குமேல் அவரிடம் ஒன்றும் கேட்கப்படவில்லை. கேட்காததற்கு அவரும் பதில் சொல்லவில்லை.

தங்கை வேலியடிக்கு வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு இரண்டு சகோதரிகளும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

“உன்ரை அனுமதி எனக்கு வேண்டாம், அக்கா,” என்றார். பிறகு தூக்க நின்ற ஆண்களைத் திரும்பிப் பார்த்து, “பின்னாலை கொண்டுபோங்கோ,” என்றார்.

பின்னால் என்றால் தரவை. மாரித் தண்ணீர் பளபளவென்று நின்றது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விதானையார் ஏதோ சொல்லப் போனார், தங்கை கையை உயர்த்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்கள். பறை நனையக் கூடாது என்று மேளக்காரர்கள் றோட்டால் சுற்றிப் போய்விட்டார்கள். அதனால் அந்த மனிதர் மேளமும் இல்லாமல் போனார். தண்ணீரை உழக்குகிற சத்தமும், தூக்குகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏசுகிற சத்தமும்தான். ஒருவருக்குக் கால் சேற்றில் இறங்க, பெட்டி சரிந்து ஒரு மூலை தண்ணீருக்குள் போனது. நிமிர்த்தும்போது அந்த மூலையால் தண்ணீர் ஊற்றியது.

“அம்மா, ஏன் அப்பாவைத் தண்ணிக்குள்ளாலை கொண்டுபோகினம்?” என்று வீடியோக்காரரின் கையிலிருந்த தொலைபேசிக்குள்ளிருந்து மூத்த மகன் கத்தினார்.

“கேஸ் இருக்கு, தம்பி,” என்றார் தாய்.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்றுவிட வேண்டும். படலையால் போகாத பிரேதத்துக்கு எதோடு நிற்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கை கணுக்கால் தண்ணீரில் நின்றார். பெட்டி கொஞ்சத் தூரம் போனதும் மற்றப் பெண்கள் அவரைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேலிப் பக்கம் தமக்கை இல்லை. மகள் மட்டும் நின்றாள், தொலைபேசியைத் தரவைப் பக்கம் திருப்பிப் பிடித்தபடி.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்த வசனத்தைப் பாடமாக்கிய தமக்கையிலும், புருசனைச் சேற்றுக்குள் இறக்கிய தங்கையிலும், பெட்டிக்குள் கிடந்தவரிலும்கூட.

திங்கட்கிழமை பேராசிரியைக்குச் சொன்னேன். “இது அருமையான தரவு. ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்புங்கள்,” என்றார். கெட்டவர் இல்லை. நான் எழுதி அனுப்பினேன்.

தங்கை சாட்சி சொல்லும் தவணை ஒருவழியாக வந்தது. நான் பின் வாங்கில் இருந்தேன். தமக்கையின் சட்டத்தரணி மெல்லிய குரல்காரர், மரியாதையான மனிதர். செத்தவீட்டிலிருந்தே தொடங்கினார்.

“எதிராளி உங்களுக்கு அந்த வழியால் போக அனுமதி தந்தவரா?”

“தந்தவ. நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். எல்லாருக்கும் முன்னாலை.”

தங்கை நிமிர்ந்து நின்றார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முதலும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. இந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகத்தான் அவர் அன்று தண்ணீரில் நின்றார்.

“நல்லது, அம்மா. அப்படியென்றால் பிரேதத்தை எந்தப் பக்கத்தால் கொண்டுபோனீர்கள்?”

“பின்பக்கத்தாலை.”

“பின்பக்கம் என்ன இருக்கிறது?”

“தரவை.”

“அது யாருக்குச் சொந்தம்?”

“அரசாங்கத்துக்கு.”

“தரவைக்கு அங்கால்?”

“றோட்டு.”

“கோடையா, மாரியா?”

“மாரி.”

“பிரேதம் சுடலைக்குப் போய்ச் சேர்ந்ததா?”

“ஓம்.”

“வேறு கேள்வி இல்லை.”

தங்கையின் சட்டத்தரணி பாதி எழும்பினார், பிறகு இருந்துவிட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. முதல் காலைக் காப்பாற்றப் போய் இரண்டாவது காலை அந்தப் பெண் தானே தறித்துவிட்டார். வேறு வழி இல்லை என்று வழக்குப் போட்டவர், வேறு வழி இருக்கிறது என்று புருசனைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

அடுத்த தவணையில் தமக்கையின் மகள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். முறைப்படி முன்னறிவித்தல் கொடுத்து, அந்த வீடியோவை மன்றில் போட்டுக் காட்டினார்கள். பெட்டி சரிவதும் தண்ணீர் ஊற்றுவதும் அதில் இருந்தன. அதற்கு மேலும் இருந்தது. நடுத் தரவையில் தூக்கியவர்கள் களைத்துப் பெட்டியை ஒரு மண் மேட்டில் வைத்துவிட்டு, அதன் மேல் கையை ஊன்றி இளைப்பாறினார்கள். ஒருவர் சுருட்டுப் பற்றவைத்தார். பிறகு தூக்கிக்கொண்டு போய் றோட்டில் ஏறினார்கள். தங்கை அதைப் பார்க்க முதலே பெண்கள் அவரை உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். தன் புருசனின் கடைசிப் பயணத்தின் இந்தப் பகுதியை அவர் நீதிமன்றத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தார். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு பார்த்தார். மகள் கூண்டிலிருந்து அவரைப் பார்த்தாள். முகத்தில் அன்றைக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தீர்ப்பை வாசித்த நீதிபதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. சகோதரிகள் சேர்ந்திருந்த காலத்தில் ஒருவர் காணியால் மற்றவர் போய்வந்தது பாசத்தினால் விடப்பட்டது. அது உரிமை ஆகாது. பாசம் முறிந்த பிறகு நடந்தது மட்டுமே கணக்கில் வரும், அதற்குள் வேலி வந்துவிட்டது. அக்கா தங்கையாக இருந்த வருடங்கள் முழுவதும் அந்த ஒரு பந்தியில் தங்கைக்கு எதிராகத் திரும்பின. இரண்டாவது, வேறு வழி உண்டு. அது வசதியான வழி இல்லைத்தான், ஆனால் வசதியீனம் வேறு, வழியில்லாமை வேறு. மாரி காலத்தில் ஒரு பிரேதமே அதனால் கொண்டுசெல்லப்பட்டிருக்கிறது. வழக்கு தள்ளுபடி.

அதோடு முந்தைய கட்டளையும் செத்துப்போனது. அடுத்த கிழமை தமக்கை அந்த இடைவெளியையும் கல்லும் சீமெந்தும் வைத்து அடைத்துவிட்டார்.

ஆராய்ச்சியில் கடைசியாக ஒரு சந்திப்பு இருந்தது, தீர்ப்புக்குப் பிறகு என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் தரவையால்தான் தங்கை வீட்டுக்குப் போனேன். மழை தொடங்கிவிட்டது, தண்ணீர் அவ்வளவு இல்லை, சேறு இருந்தது. சந்தைப் பையோடு எனக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்த தங்கை கால் கழுவிக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார்.

இப்படியொரு பிரச்சினை இனி வந்தால் நீதிமன்றத்துக்குப் போவீர்களா என்ற கேள்வியைக் கேட்டேன்.

“அப்பீல் போட்டாச்சு,” என்றார். “இவர் போன வழியாலைதான் நான் இப்ப மரக்கறி வாங்கப் போறன், பிள்ளை. ஒவ்வொரு நாளும்.”

நான் வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்தார். குரல் இறங்கிவிட்டது.

“நீ அங்காலையும் போறனீதானே. அக்காவை ஒருக்காக் கேட்டுப்பார். நான் செத்தால் மட்டும் விடுவாவோ எண்டு. என்னைத் தண்ணிக்குள்ளை இறக்காமல் கொண்டுபோக விடுவாவோ எண்டு. நான் கேட்டதெண்டு சொல்லிப்போடாதை. சொன்னால் அப்பீல் போயிடும்.”

கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு வீட்டுக் கதையை மற்ற வீட்டில் சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் கட்டளை. தரவையால் இறங்கி, றோட்டால் சுற்றி, தமக்கையின் படலையைத் திறந்து உள்ளே போகும்வரை சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். அவர் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். என் கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். முடிந்ததும் நான் கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன். உங்கள் தங்கை இறந்தால் பிரேதத்தை இந்தப் பக்கத்தால் கொண்டுபோக விடுவீர்களா?

தமக்கையின் கண் கலங்கியது போல இருந்தது. ஒரு நொடி அந்தப் பெண்ணில் எனக்கு நம்பிக்கை வந்தது.

“அவள் கேட்டவளோ?”

“இல்லை. நான்தான் கேக்கிறன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

“கேக்கச் சொல்லும், பிள்ளை. எழுத்திலை.”